கரிவளிப் புதைப்பு: ‘சேமிப்பு’ ஏன் பொருந்தாது?

சரிபார்ப்பதற்காக அண்மையில் என்னிடம் வந்த ஒரு மொழிபெயர்ப்பில், “சேமிக்கப்பட்ட கார்பன் கசிந்தால் கார்பன் கடன் ரத்து செய்யப்படும்” என்றொரு வரி இருந்தது. கடன் ரத்து என்றால் தமிழ் படிப்பவருக்கு நல்ல செய்தி. ஆங்கில மூலம் சொல்வதோ அதற்கு நேர்மாறானது: புதைத்த கரியமில வாயு வெளியேறினால், அதை வெளிவிடாமல் தடுத்ததற்காக ஆலை ஈட்டிய, சந்தையில் விற்கத்தக்க வரவு (‘கார்பன் கிரெடிட்’) பறிபோகும். வரியின் பாதிப் பிழை ‘கடன்’ என்ற சொல்லில் இருக்கிறது. மறுபாதி, பல ஆண்டுகளாக எவரும் கேள்வி கேட்காத ‘சேமிப்பு’ என்ற சொல்லில் இருக்கிறது.

ஆங்கிலத்தில் ‘கார்பன் கேப்ச்சர் அண்டு ஸ்டோரேஜ்’ என்றும் தமிழில் ‘கார்பன் பிடிப்பு மற்றும் சேமிப்பு’ என்றும் வழங்குவது, ஆலையிலோ எரிவாயு வயலிலோ வெளிப்படும் கரியமில வாயுவை, அதாவது கரிவளியை, தனியே பிரித்து, அழுத்தி, ஆழத்திலுள்ள பாறையின் நுண்துளைகளுக்குள் செலுத்தி, அங்கேயே நிலைக்கச் செய்யும் முறையாகும். 1991இல் கரிம வரி விதித்த நார்வேயில், வடகடலின் ஸ்லீப்னர் எரிவாயு வயலில் 1996 முதல் இது நடைபெறுகிறது.

‘சேமம்’ என்பது ‘க்ஷேமம்’ என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். பாதுகாப்பு, நலம் என்பன அதன் பொருள். இலங்கைத் தமிழ்க் கிறித்தவர் கல்லறைத் தோட்டத்தைச் ‘சேமக்காலை’ என்பதால், புதைத்தல் என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டென வாதிடலாம். ஆனால் இன்று ‘சேமிப்பு’ என்றதும் நினைவுக்கு வருவது அஞ்சலகக் கணக்கும் நெற்குதிரும் உண்டியலும்தான். மூன்றும் பின்னொரு நாள் எடுத்துப் பயன்படுத்துவதற்காக வைப்பவை. கரியமில வாயுவை உள்ளே அனுப்புவதோ, அது ஒருநாளும் திரும்பி வரக்கூடாது என்பதற்காக.

இந்த வேறுபாட்டின் மீதுதான், அந்த வரவுகளை வாங்கி விற்கும் பன்னாட்டுக் கரிமச் சந்தை நிற்கிறது. வளரும் நாடுகளில் உமிழ்வைக் குறைக்கும் திட்டங்களுக்கு வரவு வழங்கிய, கியோட்டோ உடன்படிக்கையின் தூய வளர்ச்சி முறைமைக்குள் இத்தொழில்நுட்பத்தைச் சேர்க்கலாமா என்ற நெடிய விவாதத்தின் முதன்மைக் கேள்வியே, உள்ளே போனது வெளியே வந்தால் யார் பொறுப்பு என்பதுதான். 2010இல் கான்கூனில் கொள்கையளவில் ஏற்கப்பட்டு, 2011இல் டர்பனில் வகுக்கப்பட்ட விதிகள், ஈட்டும் வரவுகளில் 5 விழுக்காட்டை, வாயு வெளியேறினால் ஈடுகட்டுவதற்கான இருப்பாக ஒதுக்கச் சொல்லின. வரவு பெறும் காலம் முடிந்த பின்னும் குறைந்தது 20 ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும் என்றன. ஆலைகள் தம் உமிழ்வுக்கு ஈடாக உரிமங்களை ஒப்படைக்கும் ஐரோப்பிய உமிழ்வு வணிகத்திலும், பாறைக்குள் நிலைத்த வாயுவுக்கு ஆலை உமிழ்வு உரிமம் ஒப்படைக்க வேண்டியதில்லை. வெளியேறினால் ஒப்படைத்தாக வேண்டும். சந்தை விலை கொடுப்பது இந்த மீளாமைக்கே. அதைச் ‘சேமிப்பு’ என்று பெயரிட்டால் விதியின் உயிரே போய்விடுகிறது.

உண்மையாகவே சேமிப்பு நடக்கும் இடமும் ஒன்று உண்டு. நார்வேயின் ‘நார்தர்ன் லைட்ஸ்’ திட்டத்தில், கப்பலில் வரும் திரவமாக்கிய கரிவளி பெர்கன் நகருக்கு அருகே கரையோரத் தொட்டிகளில் தங்கி, பிறகு குழாய் வழியே கடற்படுகைக்கு அடியில் ஏறத்தாழ 2,600 மீட்டர் ஆழத்துக்குச் செல்கிறது. தொட்டியில் இருப்பது சேமிப்பு. பாறைக்குள் போவது புதைப்பு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைப்பவர், எந்தக் கட்டத்தில் வரவு பிறக்கிறது என்பதை எப்படி விளக்குவார்?

‘பிடிப்பு மற்றும் சேமிப்பு’ என்ற தொடரில் உள்ள ‘மற்றும்’ என்னை மேலும் வருத்துகிறது. ஒன்றன்பின் ஒன்றாக நிகழும் செயல்களைக் கோப்பதற்குத் தமிழில் வினையெச்சம் இருக்கிறது. ‘கரிவளியைப் பிடித்துப் புதைத்தல்’ என்றால், எது முதலில், எது பின்னர் என்பதும் அதிலேயே அடங்கிவிடும்; சுருக்கமாகக் ‘கரிவளிப் புதைப்பு’ எனலாம். புதைப்பு என்றால் குப்பையை மறைப்பது போல் ஒலிக்கிறதே என்று ஒரு நண்பர் தயங்கினார். வேண்டாத கழிவை மண்ணுக்குள் அனுப்புவதுதானே இங்கே நடக்கிறது? அதை அழகுபடுத்துவது மொழிபெயர்ப்பாளரின் வேலை அன்று.

‘கிரெடிட்’ என்பதற்கு வங்கிப் பேச்சில் கடன் என்றும் வரவு என்றும் இரு பொருள் உண்டு. கரிமச் சந்தையில் அது வரவு மட்டுமே. பேரேட்டில் பற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் எழுதப்படுவது. ஆகவே அந்த வரியை, “புதைத்த கரிவளி வெளியேறினால், அதற்கு ஈடான கரிம வரவுகள் நீக்கப்படும்” என்று திருத்தி அனுப்பினேன்.

‘கசிந்தால்’ என்பதையும் வேண்டுமென்றேதான் மாற்றினேன். ஓரிடத்தில் உமிழ்வைக் குறைக்கும்போது அது திட்ட எல்லைக்கு வெளியே வேறோரிடத்தில் பெருகுவதையும் சந்தை விதிகள் ‘லீக்கேஜ்’ என்கின்றன. அதனால்தான் டர்பன் விதிகள் பாறையிலிருந்து வாயு வெளியேறுவதற்குச் ‘சீப்பேஜ்’ என்ற வேறு சொல்லை ஆண்டன. தமிழில் இரண்டுமே ‘கசிவு’ ஆகிவிட்டன. ஆகவே பாறைக்கு ‘வெளியேறுதல்’ என்பதையே ஆள்கிறேன். மற்றதற்கு ‘உமிழ்வு இடம்பெயர்தல்’ என்று எழுதி வருகிறேன்.