‘மாதிரி’ வேண்டாம், ‘தகவலுரு’ போதும்

போன மாதம் ஒரு கட்டுமானப் பயிற்சி வகுப்பில் திரையில் ‘கட்டடத் தகவல் மாதிரி’ என்று வந்தது. பக்கத்திலிருந்த சைட் மேற்பார்வையாளர், “எந்த மாதிரி சார், கான்கிரீட் கியூபா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. சைட்டில் மாதிரி எடுப்பது என்றால் கான்கிரீட்டை 150 மில்லிமீட்டர் கியூப் அச்சில் வார்த்து, 28 நாள் கழித்து லேபில் உடைத்துப் பார்ப்பதுதான்.

கட்டடத்தை அதன் தகவல்களோடு சேர்த்துக் கணினியில் அமைக்கும் முறைக்குப் பெயர் ‘பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங்’, சுருக்கமாக பிம். அதைத்தான் இப்படிப் பெயர்த்து வைத்திருக்கிறார்கள். மாடல் என்பது சிற்றளவைக் குறிக்கும் ‘மாடுலஸ்’ என்ற லத்தீன் சொல்வழி வந்தது. பிம்முக்கான கருத்தை 1970களில் அமெரிக்கப் பேராசிரியர் சார்லஸ் ஈஸ்ட்மன் எழுதினார். பெயர் 1992இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் வந்தது.

மாதிரி என்றால் ஒன்றிலிருந்து எடுத்த பிடி, இல்லையென்றால் அதைப் போல இன்னொன்று. பிம் இரண்டும் இல்லை. அதில் சுவர் வெறும் இரண்டு கோடு அல்ல. தடிமன் என்ன, செங்கலா பிளாக்கா என்பதெல்லாம் சுவரோடேயே இருக்கும். ஒரு கதவை அரையடி நகர்த்தினால் பிளானும் செக்‌ஷனும் சேர்ந்தே மாறும். ஏசி காற்று போகும் டக்ட் பீமில் இடிப்பது கான்கிரீட் போடும் முன்பே தெரிந்துவிடும். இதை ‘முப்பரிமாண வரைபடம்’ என்பவர்களும் உண்டு. அது இன்னும் மோசம். படத்தை மட்டும் வைத்துக்கொண்டு தகவலைக் கைவிட்டுவிடுகிறது.

நான் எழுதுவது ‘கட்டடத் தகவலுரு’. தகவல்களால் ஆன உரு. உருக்கொடுப்பது, உருப்பெறுவது என்று தினமும் பேசுகிறோம், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மாடலிங் என்பதற்கு ‘தகவலுரு அமைத்தல்’ என்றே எழுத வேண்டும். ‘ஆக்கம்’ சேர்த்தால் ‘தகவல் உருவாக்கம்’ என்று பிரிந்து, தகவலைப் புதிதாக உண்டாக்குவதாகப் பொருள் மாறிவிடும்.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் மாடலுக்கு எதிரே முதலில் இருக்கும் சொல்லை எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு சைட்டில் ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறதா என்று ஒரு மேஸ்திரியிடம் கேட்பதில்லை. சிங்கப்பூரில் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களுக்கு பிம் கோப்பாகத்தான் அனுமதி கேட்க வேண்டும் என்று 2015இல் விதி வந்தது. அங்கே தமிழும் ஓர் ஆட்சிமொழி, கட்டுமான வேலையிலும் தமிழர்கள் நிறைய. சொல் குழம்பினால் வேலையும் குழம்பும். பேச்சில் பிம் என்றே சொல்லட்டும், எனக்கு வருத்தமில்லை. கையேட்டில் மட்டும் ‘மாதிரி’ என்று அச்சடிக்காதீர்கள்.