பதிவேற்றும் கோப்பை எங்கே வைக்கிறீர்கள்?

பாதுகாப்பு ஆய்வுக்காக ஒரு செயலி என்னிடம் வந்தால், கோப்பு பதிவேற்றும் பகுதியைத்தான் முதலில் பார்ப்பேன். "ஜேபெக், பிஎன்ஜி தவிர எதையும் ஏற்க மாட்டோம்" என்று டெவலப்பர் உறுதியாகச் சொல்வார். சரி, ஏற்ற கோப்பு எங்கே போய்ச் சேர்கிறது? பெரும்பாலும் தளத்தின் பொது ஃபோல்டருக்குள்ளேயே, பயனர் கொடுத்த அதே பெயரில். எத்தனை சோதனை வைத்திருந்தாலும் இந்த ஒரு முடிவு அத்தனையையும் வீணாக்கிவிடும்.

கோப்போடு வரும் பெயரும் வகையும் அனுப்புகிறவர் எழுதித் தருபவை. கோப்பின் வகையைச் சொல்லும் கன்டென்ட்-டைப் ஹெடரில் ஜேபெக் என்று போட்டுவிட்டு உள்ளே பிஎச்பி நிரலை (சர்வரில் ஓடும் நிரலை) அனுப்புவது மிக எளிது. பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட் செய்யும் சோதனை நேர்மையான பயனருக்கு ஒரு வசதி, அவ்வளவே; தாக்குகிறவர் நேரே சர்வருக்குக் கோரிக்கை அனுப்புவார். கோப்பின் முதல் பைட்டுகளைப் பார்ப்பது கொஞ்சம் மேல். ஜேபெக் என்றால் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்று தொடங்கும். ஆனால் உண்மையான புகைப்படத்தின் குறிப்புப் பகுதிக்குள் பிஎச்பி வரிகளைச் செருகினால் இந்தச் சோதனையிலும் அது தேறிவிடும். பிஎச்பி பின்னொட்டோடு அது பொது ஃபோல்டரில் உட்கார்ந்துவிட்டால், முகவரியைத் திறந்ததுமே நிரல் ஓடும். பிறகு சர்வர் உங்களுடையது இல்லை.

அதனால் கோப்புக்குப் பெயரை நீங்களே உருவாக்குங்கள்: யூகிக்க முடியாத ஓர் எழுத்துக்கோவை, அதோடு நீங்கள் அனுமதிக்கும் பட்டியலிலிருந்து ஒரு பின்னொட்டு. பயனர் தந்த பெயர் தரவுத்தளத்தில் மட்டும் இருக்கட்டும். "../" போட்டு வேறு ஃபோல்டருக்குள் எழுதும் தந்திரமும் இதோடு போகும். கோப்பைத் தளத்தின் ஃபோல்டருக்கு வெளியே, எந்த நிரலும் ஓடாத இடத்தில் வையுங்கள்.

திருப்பிக் காட்டும்போதும் கவனம் வேண்டும். எஸ்விஜி என்பது எழுத்து வடிவில் எழுதப்படும் படம்தான், ஆனாலும் அதற்குள் ஸ்கிரிப்ட் இருக்கலாம். உங்கள் டொமைனிலேயே அதை நேரடியாகத் திறந்தால், பார்ப்பவரின் லாகினைப் பயன்படுத்தி அது வேலை செய்யும். பயனர்களின் கோப்புகளைக் கூகுள் தனி டொமைனிலிருந்து தருவதற்கு இதுவே காரணம். அது முடியாவிட்டால், கோப்பின் வகையைப் பிரவுசர் தானாக ஊகிப்பதைத் தடுக்கும் நோஸ்னிஃப் ஹெடரைச் சேருங்கள். எஸ்விஜியையும் படமல்லாதவற்றையும் பிரவுசரில் திறக்காமல் டவுன்லோட் ஆகும்படி அட்டாச்மென்ட்டாகவே அனுப்புங்கள்.

படத்தை மறுபடி என்கோட் செய்து சேமிப்பதை நான் எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன். செருகிய நிரல் பெரும்பாலும் அதில் உதிர்ந்துவிடும். படத்தோடு சேர்ந்து வரும் கூடுதல் விவரங்களான மெட்டாடேட்டாவை நீக்கச் சொன்னால், புகைப்படத்தில் இருக்கும் ஜிபிஎஸ் இடக்குறிப்பும் போய்விடும். தன் வீடு எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்தே அனுப்புகிறோம் என்று பல பயனர்களுக்குத் தெரியாது. ஆனால் இப்படி என்கோட் செய்யும் லைப்ரரியை அப்டேட் செய்துகொண்டே இருக்க வேண்டும். 2016இல் படங்களைச் செயலாக்கும் இமேஜ்மேஜிக் மென்பொருளில் வெளிப்பட்ட 'இமேஜ்டிராஜிக்' குறையால், படத்தைச் செயலாக்கும்போதே சர்வரில் கட்டளை ஓடியது. 2017இல் அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபேக்ஸ் தாக்கப்பட்டதும், அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற வலைச்செயலி மென்பொருளில் பதிவேற்றத்தைப் படிக்கும் பகுதியில் இருந்த குறையால்தான். மார்ச்சிலேயே குறையைச் சரிசெய்யும் பேட்ச் வந்துவிட்டது, நிறுவனம் அதைப் போடவில்லை. சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் போயின.

ஜிப் கோப்பை விரித்தால் வரும் அளவுக்கும் வரம்பு வையுங்கள். '42.ஜிப்' என்ற புகழ்பெற்ற கோப்பு 42 கேபிதான். உள்ளடுக்குகள் எல்லாம் விரிந்தால் 4.5 பெட்டாபைட்.

அளவு வரம்பைப் பயனருக்கு முன்னதாகவே சொல்லுங்கள். என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரின் இயல்பு வரம்பு 1 எம்பி, பிஎச்பியில் ஒரு கோப்புக்கு 2 எம்பி, முழுப் படிவத்துக்கு 8 எம்பி. கடைசி வரம்பைத் தாண்டினால் பிஎச்பி படிவத்தையே காலியாகத் தரும். எல்லாவற்றையும் நிரப்பியவரிடம் "பெயரை நிரப்பவும்" என்று உங்கள் தளம் கேட்கும். அவர் திரும்பத் திரும்ப நிரப்பிக்கொண்டிருப்பார்.