மூடுபனியில் முந்நூறு மீட்டர் கப்பல்

நல்ல வெயிலில் சரக்குக் கப்பலைப் படமெடுக்க யாருக்கும் கட்டுரை தேவையில்லை, கேமராவே பார்த்துக்கொள்ளும். மூடுபனி, மழை, பனிப்பொழிவு என்று வரும்போதுதான் விஷயம் சூடு பிடிக்கிறது. வெளிச்சம் போதவில்லை என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் பகல்நேர மூடுபனியில் வெளிச்சத்துக்குப் பஞ்சமே இல்லை, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே வெள்ளை. பஞ்சம் காண்ட்ராஸ்டுக்கு, அதாவது கப்பலுக்கும் அதன் பின்னணிக்கும் இடையே இருக்கவேண்டிய ஒளி வேறுபாட்டுக்கு.

இதைப் பார்க்க அருமையான இடம் அமெரிக்க - கனடா எல்லையில் ஓடும் செயின்ட் கிளேர் ஆறு. ஹியூரான் ஏரியின் தென்முனையில் தொடங்குகிறது. ஒரு கரையில் மிச்சிகனின் போர்ட் ஹியூரான், எதிர்க்கரையில் ஒன்டாரியோவின் சார்னியா, நடுவே புளூ வாட்டர் பாலம். பாலத்தடியில் ஆற்றின் அகலம் அரைக் கிலோமீட்டர்கூட இல்லை. சுப்பீரியர் ஏரிப் பக்கத்திலிருந்து இரும்புத்தாது ஏற்றிக்கொண்டு ஈரி ஏரிப் பக்கம் போகும் கப்பல்கள் அதற்குள்தான் நுழைந்தாக வேண்டும். இந்த ஏரிகளில் ஓடுபவற்றில் மிக நீளமான பால் ஆர். ட்ரெகர்த்தா 1981இல் கட்டப்பட்டது: 309 மீட்டர் நீளம், 32 மீட்டர் அகலம். இந்த மாதிரி ஒன்று நடைபாதையில் நிற்பவருக்கு இருநூறு மீட்டர் தூரத்தில் கடந்து போகிறது. கடற்கரையில் நின்றால் இந்தக் கொடுப்பினை கிடைக்காது.

இங்கே மூடுபனிக்கு இரண்டு பருவம். வசந்த காலத்தில் ஏரி இன்னும் ஜில்லென்று இருக்கும். அதன்மேல் ஈரமான வெதுவெதுப்புக் காற்று வந்தால் அந்தக் காற்று குளிர்ந்து அடர்ந்த மூடுபனியாகிவிடும். டிசம்பரில் தலைகீழ். ஏரித் தண்ணீரில் கோடையின் சூடு கொஞ்சம் மிச்சமிருக்க, மேலே உறைய வைக்கும் காற்று. ஆற்றிலிருந்து ஆவி பறக்கும். இந்த இரண்டாவது வகை பெரும்பாலும் தாழ்வாகவே கிடக்கும். கப்பலின் உடல் மறைந்து, மாலுமிகள் இருக்கும் மேல்கட்டு மட்டும் தனியாக நகர்ந்து வரும். படமெடுப்பவர்கள் விரல் விறைக்க நிற்பது இதற்காகத்தான்.

சரி, பனிமூட்டம் கப்பலை எப்படி விழுங்குகிறது? கப்பலிலிருந்து வரும் ஒளியில் ஒரு பங்கை வழியிலுள்ள நீர்த்துளிகள் சிதறடித்துவிடுகின்றன. அதே துளிகள் வானத்து வெளிச்சத்தையும் சிதறடித்து, அதில் கொஞ்சத்தை நம் லென்ஸுக்குள் அனுப்புகின்றன. கறுப்பு வெளுக்கிறது, வெள்ளை மங்குகிறது, இரண்டும் ஒரே சாம்பலை நோக்கிப் போகின்றன. தூரம் கூடக்கூடக் காண்ட்ராஸ்ட் அடுக்குமுறையில், அதாவது ஒவ்வொரு சம தூரத்துக்கும் ஒரே விகிதத்தில், சரியும் என்று 1924இல் ஜெர்மன் வானிலையியலாளர் ஹரால்ட் கோஷ்மீடர் கணக்குப் போட்டுக் காட்டினார்.

பார்வைத்தூரம் ஒரு கிலோமீட்டருக்குக் குறைந்தால்தான் வானிலைக்காரர்கள் அதை மூடுபனி என்பார்கள். அந்தத் தூரத்தில் ஒரு பொருளின் காண்ட்ராஸ்டில் 5 சதவீதமே மிஞ்சும். அதே மூடுபனியில் 500 மீட்டரில் சுமார் 22 சதவீதம், 200 மீட்டரில் 55 சதவீதம். தூரத்தை ஐந்தில் ஒன்றாகக் குறைத்தால் காண்ட்ராஸ்ட் பதினொரு மடங்கு! ஆறு குறுகலாக இருப்பதன் அருமை இங்கேதான். எத்தனை லட்சம் கொடுத்து டெலி லென்ஸ் வாங்கினாலும் அது கப்பலைப் பெரிதாக்குமே தவிர, இடையிலிருக்கும் காற்றைக் குறைக்காது.

இதிலேயே இன்னொரு லாபமும் உண்டு. நம்மை நோக்கி வரும் கப்பலின் மூக்கு 200 மீட்டரில் இருக்கும்போது அதன் பின்பகுதி கிட்டத்தட்ட 500 மீட்டரில் இருக்கும். முன்னால் 55, பின்னால் 22. வெயில் படத்தில் தட்டையாகத் தெரியும் நீளம், இங்கே படிப்படியாக வெளுத்து உள்ளே போகிறது. மோசமான வானிலைப் படங்கள் அழகாக இருப்பதற்குப் பாதிக் காரணம் இந்தச் சரிவுதான் என்பேன்.

மழை வேறு மாதிரி. கனமழைக் காற்றில் இருக்கும் தண்ணீர் பெரும்பாலும் மூடுபனியில் இருப்பதைவிட அதிகம், ஆனாலும் பார்வை அவ்வளவு மறைவதில்லை. ஒரே அளவு தண்ணீரைச் சின்னத் துளிகளாக உடைக்க உடைக்க, ஒளியை மறிக்கும் மொத்தப் பரப்பு கூடிக்கொண்டே போகும். மழைத்துளி ஒன்றிரண்டு மில்லிமீட்டர். மூடுபனித் துளி அதில் நூறில் ஒரு பங்கு. ஒரு கன மீட்டர் காற்றில் பத்தில் ஒரு கிராம் தண்ணீர் மூடுபனியாக நின்றாலே போதும், எதிர்க்கரை காணாமல் போய்விடும்.

மழையில் தலைவலி ஷட்டர் வேகம். 2 மில்லிமீட்டர் துளி விநாடிக்கு ஆறரை மீட்டர் வேகத்தில் விழுகிறது. 1/60 விநாடியில் அது பத்து சென்டிமீட்டருக்கு மேல் கோடு இழுக்கும். 1/1000இல் ஒரு சின்னக் கீற்றுதான். பனித்தூவல் விநாடிக்கு ஒரு மீட்டர் அளவில் மெதுவாக இறங்குவதால் 1/250 போதும். ஃபிளாஷ் போட்டுவிடாதீர்கள். பனிமூட்டத்தில் காரின் ஹை பீம் போட்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும்: பக்கத்துத் துளிகள் மட்டும் பளிச்சென்று எரியும்.

கப்பலும் ஓடுகிறதே? இந்த ஆற்றில் வேகவரம்பு 10.4 நாட், விநாடிக்கு 5.35 மீட்டர். 200 மீட்டர் தூரத்தில் 100 மி.மீ. லென்ஸ், 4 மைக்ரான் (0.004 மி.மீ.) பிக்சல் என்று வைத்துக்கொண்டால், ஒரு பிக்சல் கப்பலில் 8 மில்லிமீட்டரைப் பிடிக்கும். 1/125 விநாடியில் கப்பல் ஐந்து பிக்சல் நகர்ந்து படம் மங்கும். ஆனால் அந்தத் தூரத்தில் 309 மீட்டரையும் ஒரே படத்தில் அடக்க எப்படியும் 23 மி.மீ. அளவு வைட் ஆங்கிள் வேண்டும். அதில் ஒரு பிக்சல் மூன்றரை சென்டிமீட்டர். அதே 1/125இல் நகர்வு ஒரு பிக்சலைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். கிட்டப் போனால் காண்ட்ராஸ்ட் கூடுகிறது, வைட் ஆங்கிள் போட்டால் ஷட்டருக்கும் நெருக்கடி குறைகிறது.

ஆட்டோஃபோகஸை நம்ப வேண்டாம். அது விளிம்புகளைத் தேடி வேலை செய்வது. விளிம்பே இல்லாத சாம்பலில் முன்னும் பின்னும் அலையும், இல்லையென்றால் மூக்குக்கு முன்னால் விழும் பனித்துகளைக் கவ்விக்கொள்ளும். அதே தூரத்திலுள்ள மிதவையிலோ பாலத்தின் தூணிலோ ஃபோகஸ் வைத்துப் பூட்டிவிடுவது மேல். எக்ஸ்போஷரும், அதாவது படத்தில் விழும் ஒளியின் அளவும், அப்படியே. உலகம் சராசரியாக நடுத்தரச் சாம்பல் என்ற நினைப்பில் கேமரா வெள்ளைப் பனியை அழுக்காக்கிவிடும். ஒரு ஸ்டாப், அதாவது ஒளியை இருமடங்கு, கூட்டினால் சரியாகும்.

அப்புறம் கணினியில் டீஹேஸ், அதாவது படத்திலிருந்து பனிமூட்டத்தை நீக்கும் வேலை. 2009இல் வந்த ஒரு புகழ்பெற்ற முறையின் யோசனை எளிமையானது. தெளிவான வெளிப்புறப் படத்தில் வானம் தவிர மற்ற இடங்களில், சின்னக் கட்டம் ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலத்தில் ஏதாவது ஒன்று எங்காவது பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். இல்லையென்றால் மேலே ஏறியிருப்பது மூடுபனியின் வெள்ளை, அதைக் கழித்துவிடலாம். வெள்ளை மேல்கட்டுள்ள கப்பலிடம் இது ஏமாறும், பெயின்ட்டையே பனி என்று எண்ணிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அந்த வெள்ளையைக் கழித்தாலும் அது கொண்டுவந்த இரைச்சல், அதாவது படத்தில் தாறுமாறாகத் தெரியும் புள்ளிகள், கழியாது. மிஞ்சிய கொஞ்சம் காண்ட்ராஸ்டை இழுத்து விரிக்கும்போது புள்ளிகளும் சேர்ந்து விரிகின்றன. 256 படிகள் உள்ள ஜேபெக்கில் பட்டைபட்டையாகப் பிளந்துவிடும். கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா ஃபைலில் 16,384 படிகள் இருப்பதால் பட்டைத் தொல்லை குறைகிறது, இரைச்சல் போகாது.

கப்பல் வருவதைக் கண்டுபிடிப்பது எளிது. ஏஐஎஸ் கருவி ஓடும் கப்பலின் இடத்தையும் வேகத்தையும் சில விநாடிகளுக்கு ஒருமுறை ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்கிறது, போனிலேயே பார்க்கலாம். அது கைவிட்டாலும் காது இருக்கிறது: மூடுபனியில் ஓடும் கப்பல் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறையாவது நான்கு முதல் ஆறு விநாடி நீளச் சங்கு ஊதவேண்டும் என்பது விதி. 200 மீட்டருக்கு மேற்பட்டவற்றின் சங்கு 70 முதல் 200 ஹெர்ட்ஸ் வரையான அடித்தொண்டைக் குரல்.

படமெடுத்து முடித்து ஹீட்டர் ஓடும் காருக்குள் ஏறும்முன் கேமராவை ஜிப்லாக் பையில் போட்டு மூடிவிடுங்கள். சில்லிட்ட லென்ஸில் காருக்குள் இருக்கும் ஈரம் படியும், உள்கண்ணாடிகளிலும் படியலாம். பையோடு மெல்லச் சூடேறினால் ஈரம் பையின் வெளிப்பக்கத்தோடு நின்றுவிடும். மெமரி கார்டை மட்டும் முன்கூட்டியே கழற்றி வைத்துக்கொண்டால் வீடு போய்ச் சேர்ந்ததும் காத்திருக்க வேண்டியதில்லை.