கமெண்டை மறைப்பது வேறு, நீக்குவது வேறு

வேர்டில் எழுதிய ஏதாவதொரு ஆவணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நாலைந்து கமெண்டுகள் இருக்கட்டும். கோப்பை ஒரு பிரதி எடுத்து, அந்தப் பிரதியின் பெயரில் கடைசியாக வரும் டாக்எக்ஸ் என்பதை ஜிப் என்று மாற்றுங்கள். மாற்றத்தான் வேண்டுமா என்று கணினி ஒருமுறை கேட்கும். சரி என்று சொல்லிவிட்டுத் திறந்தால், ஒரே கோப்பு என்று நாம் நினைத்திருந்தது உண்மையில் ஒரு மூட்டை என்பது தெரியும். உள்ளே சில ஃபோல்டர்கள், அவற்றுக்குள் சின்னச் சின்னக் கோப்புகள். 2007 பதிப்பிலிருந்து வேர்டு வழக்கமாக இப்படித்தான் சேமிக்கிறது.

வேர்டு என்ற பெயரிலேயே உள்ளே ஒரு ஃபோல்டர் இருக்கும். அதில் இரண்டு கோப்புகளைக் கவனியுங்கள். ஒன்றின் பெயர் டாக்குமெண்ட், மற்றொன்றின் பெயர் கமெண்ட்ஸ். ஆவணத்தின் வாக்கியங்கள் முதல் கோப்பில் இருக்கின்றன. ஓரத்தில் ஒவ்வொருவரும் எழுதிய குறிப்புகள் இரண்டாவதில் இருக்கின்றன. திரையில் ஒட்டி உறவாடுகிறவை கோப்புக்குள் தனித்தனி வீட்டில் வசிக்கின்றன.

அப்படியானால் எந்தக் கமெண்ட் எந்தச் சொல்லுக்கு உரியது என்று வேர்டுக்கு எப்படித் தெரிகிறது? இங்கேதான் அழகான ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தக் கோப்புகள் எழுதப்படும் எக்ஸ்எம்எல் என்ற முறை, பெட்டிக்குள் பெட்டி அடுக்குவது போன்றது. பத்தி ஒரு பெட்டி. அதற்குள் இருக்கும் சொற்றொடர்கள் சிறிய பெட்டிகள். ஒரு பெட்டி இன்னொன்றுக்குள் முழுதாக அடங்கலாம், அல்லது முழுதாக வெளியே இருக்கலாம். பாதி உள்ளே, பாதி வெளியே என்று மட்டும் இருக்க முடியாது. ஆனால் கமெண்ட் போடுகிறவர் இதையெல்லாம் பார்ப்பாரா? ஒரு பத்தியின் நடுவில் தொடங்கி அடுத்த பத்தியின் நடுவரை தேர்வு செய்து கமெண்ட் போடுவார். அதே இடத்தின் பிற்பாதியில் இன்னொருவர் தொடங்கி இன்னும் கொஞ்சம் கீழே போய் முடிப்பார். பெட்டி போட்டு இதைச் சமாளிக்க முடியாது.

அதனால் பெட்டிக்குப் பதில் முளை அடிக்கிறார்கள், நிலம் அளப்பவர் எல்லைக்கு அடிப்பது போல. கமெண்ட் தொடங்கும் இடத்தில் ஒரு முளை, முடியும் இடத்தில் ஒரு முளை, இரண்டிலும் ஒரே எண். முடிவு முளையை ஒட்டி, ‘இந்த எண்ணுள்ள கமெண்ட் இங்கே’ என்று சொல்லும் மூன்றாவது அடையாளம் ஒன்றும் இருக்கும். கமெண்ட்ஸ் கோப்பைத் திறந்தால் அதே எண்ணின்கீழ் எழுதியவர் பெயர், அந்தப் பெயரின் முதலெழுத்துகள், தேதி, நேரம், அவர் சொன்ன விஷயம் எல்லாம் பதிவாகியிருக்கும். எத்தனை பேருடைய கமெண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றாலும் பிரச்சினை இல்லை. முளைகளுக்கு எண் இருக்கிறதே.

கமெண்டை நீக்கினால் அது சுட்டும் வாக்கியமும் போய்விடுமோ என்று பயப்படுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். போகாது. நீக்கும்போது வேர்டு முளைகளைப் பிடுங்குகிறது, கமெண்ட்ஸ் கோப்பிலிருந்து அந்தப் பதிவை எடுக்கிறது. நடுவில் இருக்கும் எழுத்தை அது தொடுவதே இல்லை. ஆனால் இதற்கு நேர்மாறானது நடக்கும். முளைகள் அடித்த பகுதியை முழுசாக அழித்தால் முளைகளும் சேர்ந்து போகும், கமெண்டும் போகும். யாரோ கேட்ட ஒரு முக்கியமான கேள்வி, பதில் சொல்லப்படாமலேயே இப்படிக் காணாமல் போவதுண்டு. பத்தியை அழிக்கும் முன் ஓரத்தைப் பார்ப்பது நல்லது.

வேர்டு 2013 வந்தபோது ஒரு கமெண்டுக்குக் கீழே பதில் எழுதும் வசதி வந்தது. கோப்புக்குள் ஒவ்வொரு பதிலும் தனி எண், தனி முளைகள் கொண்ட முழுக் கமெண்டுதான். யாருக்கு யார் பதில் சொன்னார்கள் என்ற உறவை மட்டும் மூன்றாவதாக ஒரு கோப்பு குறித்துவைக்கிறது. இந்த மூன்றாவது கோப்பைப் படிக்கத் தெரியாத மென்பொருளில் திறந்தால் உரையாடல் உதிர்ந்து, சம்பந்தமில்லாத தனித்தனிக் கமெண்டுகளாகத் தெரிவது இதனால்தான்.

அந்த மூன்றாவது கோப்பில் இன்னொரு தகவலும் இருக்கிறது: பேசித் தீர்ந்ததா, இல்லையா என்பது. ரிசால்வ் என்பதை அழுத்தியதும் கமெண்ட் சாம்பல் நிறமாகிறது, அல்லது ஓரத்திலிருந்து ஒதுங்கிக்கொள்கிறது. கோப்புக்குள் நடந்தது என்ன? பூஜ்யமாக இருந்த ஓர் இடத்தில் ஒன்று என்று எழுதப்பட்டது. அவ்வளவுதான். கமெண்டின் ஓர் எழுத்துகூடக் குறையவில்லை.

மறைப்பது அதைவிடவும் லேசான காரியம். ரிவ்யூ பகுதியில் நோ மார்க்கப் என்று தேர்ந்தெடுத்தால் பக்கம் துடைத்துவிட்டது போல் ஆகிவிடும். ஆனால் மாறியது உங்கள் திரையின் பார்வை மட்டுமே. கோப்பைப் பெறுகிறவர் தன் கணினியில் திறக்கும்போது அது அவருடைய அமைப்புகளின்படி திறக்கும்.

இதை நான் வலியோடு கற்றுக்கொண்டேன். நூல்களைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. சக திருத்துநரோடு பேசிக்கொள்வதற்காக ஒரு நாவலின் பிரதியில் சில கமெண்டுகள் எழுதியிருந்தேன். ‘இந்த அத்தியாயம் தேறாது’ என்பது அவற்றில் ஒன்று. எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, பக்கம் சுத்தமாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் எழுதியவருக்கே அனுப்பிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. “தேறாது என்றால் என்னிடமே சொல்லியிருக்கலாமே” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் மனதில் நிற்கிறது. கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று நான் தேடிப் பார்க்க ஆரம்பித்தது அதற்கு அப்புறம்தான்.

உண்மையாக நீக்குவது கஷ்டமே இல்லை. ஒன்றை மட்டும் என்றால் அதன்மேல் வலது சொடுக்கு, டிலீட். உரையாடலின் முதல் கமெண்டை நீக்கினால் அதன் பதில்களும் சேர்ந்து போகும். மொத்தமாகத் துடைக்க, ரிவ்யூ பகுதியில் டிலீட் பொத்தானின் கீழ் இருக்கும் சிறிய அம்பை அழுத்தி, ‘டிலீட் ஆல் கமெண்ட்ஸ் இன் டாக்குமெண்ட்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த வரி மங்கலாக இருந்தால், ஆவணத்தைத் திருத்த முடியாதபடி யாரோ பாதுகாப்புப் போட்டிருக்கலாம். முதலில் அதை எடுத்துவிடுங்கள்.

மேக்ரோ, அதாவது வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல், எழுதி நீக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கமெண்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி நீக்குவதாக இருந்தால் கடைசியிலிருந்து முதலுக்கு வாருங்கள். முதலாவதை நீக்கியதும் இரண்டாவதுதான் முதலாவது ஆகிறது. நிரல் அடுத்து இரண்டாவதைத் தேடும்போது பழைய மூன்றாவது அகப்படும், நடுவில் ஒன்று தப்பிவிடும். பின்னாலிருந்து வந்தால் முன்னால் இருப்பவற்றின் எண் மாறாது.

இத்தனையும் செய்த பிறகும் ஒரு பொறி மிச்சம் இருக்கிறது. கமெண்டுகளும், ட்ராக் சேஞ்சஸ் என்ற வசதி பதிவு செய்யும் திருத்தங்களும் திரையில் ஒரே ஓரத்தில், ஒரே நிறங்களில் வருவதால், ஒன்றை நீக்கினால் மற்றதும் போய்விடும் என்று தோன்றும். இரண்டும் வெவ்வேறு அமைப்புகள். ட்ராக் சேஞ்சஸ் ஓடும்போது நீங்கள் அழித்த சொல் அழிவதில்லை, ‘இது அழிக்கப்பட்டது, அழித்தவர் இன்னார், நேரம் இது’ என்ற உறையோடு டாக்குமெண்ட் கோப்பிலேயே உட்கார்ந்திருக்கும். அக்செப்ட் அல்லது ரிஜெக்ட் என்று நீங்கள் முடிவு சொன்னால்தான் அந்த உறை பிரியும்.

இதன் விலை எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்கு 2005 அக்டோபர் ஒரு சாட்சி. லெபனான் முன்னாள் பிரதமர் ரஃபிக் ஹரிரி கொல்லப்பட்டது குறித்து டெட்லெவ் மெஹ்லிஸ் தலைமையில் ஐக்கிய நாடுகள் சபை விசாரணை நடத்தியது. அதன் அறிக்கை வேர்டு கோப்பாக வெளியே போனது. அதற்குள் திருத்தங்களின் பதிவு அப்படியே இருந்தது. இறுதி வடிவத்திலிருந்து எடுக்கப்பட்ட பெயர்களைச் செய்தியாளர்கள் படித்துவிட்டார்கள். அழித்தவர்களைப் பொறுத்தவரை அந்தப் பெயர்கள் எப்போதோ போய்விட்டவை.

பழைய டாக் வடிவத்தில் நிலைமை இன்னும் மோசம். சேமிக்கும் நேரத்தைக் குறைக்க ஃபாஸ்ட் சேவ் என்றொரு வசதி அன்றைய வேர்டில் இருந்தது. கோப்பை முழுதாக மீண்டும் எழுதாமல் மாற்றங்களை மட்டும் கடைசியில் சேர்த்துவிடும். அதனால் ட்ராக் சேஞ்சஸ் போடாமல் அழித்த வரிகள்கூடக் கோப்பில் தங்கிவிடும். பழைய கோப்புகளைப் பிறருக்குக் கொடுக்கும் முன் புதிய வடிவத்தில் சேமித்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பரிசோதிக்க வேர்டிலேயே இன்ஸ்பெக்ட் டாக்குமெண்ட் என்ற கருவி உண்டு. ஃபைல், இன்ஃபோ, செக் ஃபார் இஷ்யூஸ் என்ற வழியில் போனால் கிடைக்கும். கமெண்டுகள், திருத்தங்கள், எழுதியவர் பெயர், மறைத்த எழுத்து எல்லாவற்றையும் தேடிச் சொல்லும், கேட்டால் நீக்கும். நீக்கியதை மீட்க முடியாமல் போகலாம் என்பதால் பிரதியில் மட்டும் செய்யுங்கள். இன்னொன்று: வேலை நடுவில் இருக்கும்போது இதைக்கொண்டு தனிப்பட்ட தகவல்களை நீக்கிவிட்டால், சேமித்தவுடன் மிச்சமுள்ள கமெண்டுகளில் எல்லாருடைய பெயரும் ஆத்தர் என்று மாறிவிடும். ஐந்து பேர் பேசிய பேச்சு ஒரே ஆள் தனக்குத்தானே பேசியது போல் ஆகிவிடும். அனுப்புவதற்கு முந்தைய கடைசி வேலையாக இருந்தால் மட்டும் இதைக் கையில் எடுங்கள்.

வேர்டு போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸ் ரைட்டர் தன் சொந்த வடிவமான ஓடிஎஃப்பில் வேறு முறையைக் கையாள்கிறது. அங்கே கமெண்ட் தனிக் கோப்பில் இல்லை, தொடக்க முளை இருக்க வேண்டிய இடத்தில் குறிப்பே முழுதாகப் பதிந்திருக்கிறது. நீக்குகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. கமெண்டின் மெனுவிலேயே இதை மட்டும், இவர் எழுதிய எல்லாவற்றையும், மொத்தத்தையும் என்று வாய்ப்புகள் வரும். இரண்டாவது எனக்கு மிகவும் பயன்படுகிறது.

கூகுள் டாக்ஸில் பேச்சு முடிந்ததாகக் குறித்தவை கமெண்ட் வரலாற்றுக்குப் போய்விடும், அங்கிருந்து மீண்டும் திறக்கலாம். சுத்தமான ஆவணம் வேண்டுமென்றால் எளிய வழி, ‘மேக் எ காப்பி’ கொடுத்துப் பிரதி எடுப்பது. கமெண்டுகளையும் பரிந்துரைகளையும் சேர்க்கட்டுமா என்று கேட்கும் கட்டத்தை மட்டும் டிக் செய்யாமல் விடுங்கள். மாறாக, கமெண்டுகளோடு இருப்பதை டாக்எக்ஸாக இறக்கினால் அவையும் கூடவே இறங்கும்.

ஜிப்பாக மாற்றித் திறந்த அந்த மூட்டைக்குள் போய்க் கமெண்ட்ஸ் கோப்பைக் கையால் அழித்தால் வேலை முடிந்ததே என்று தோன்றலாம். அப்படிச் செய்யாதீர்கள். முளைகள் டாக்குமெண்ட் கோப்பிலும், இணைப்புத் தகவல் வேறொரு கோப்பிலும் தொக்கி நிற்கும், ஆவணம் பழுதாகிவிட்டது என்று வேர்டு சொல்லக்கூடும். மூட்டையைப் பிரிப்பது பார்ப்பதற்கு மட்டும். வேர்டிலேயே நீக்கிச் சேமித்துவிட்டு, இன்னொரு பிரதியை ஜிப்பாக்கித் திறந்து பாருங்கள். கமெண்ட்ஸ் கோப்பு அங்கே இல்லையென்றால், அல்லது இருந்தும் உள்ளே ஒரு குறிப்பும் இல்லையென்றால், தாராளமாக அனுப்பலாம்.