வழுவழுப்புக்குள் கிருமிநாசினி எவ்வளவு தூரம் செல்லும்?

கோலாலம்பூரில் எந்தப் பேரங்காடிக்குச் சென்றாலும் கிருமிநாசினிப் புட்டிகளின் மேல் '99.9 விழுக்காடு கிருமிகளைக் கொல்லும்' என்ற வாசகத்தைக் காணலாம். அது பொய்யன்று, ஆனால் எந்த நிலையில் இருந்த கிருமிகளைச் சோதித்து அந்த எண் பெறப்பட்டது என்பதைப் புட்டி சொல்வதில்லை. வழக்கமான சோதனைகளில் பாக்டீரியாக்களை நீர்மத்தில் தனித்தனியே மிதக்கவிட்டோ, ஒரு தகட்டின் மேல் உலரவைத்தோ, அதன் பிறகு மருந்தைச் சேர்க்கிறார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் உணவகத்தின் பாத்திரம் கழுவும் தொட்டியிலோ, பினாங்குச் சந்தையில் மீன் வெட்டும் பலகையிலோ, மருத்துவமனை வார்டின் கழிவுநீர்க் குழாயிலோ கிருமிகள் அப்படி வாழ்வதில்லை.

ஈரமான பரப்பில் ஒட்டிக்கொண்ட பாக்டீரியா, சில மணி நேரத்திலேயே தன்னைச் சுற்றிப் பசை போன்ற ஒரு பொருளைச் சுரக்கத் தொடங்குகிறது. பல்சர்க்கரைகளும் புரதங்களும் செல்களிலிருந்து வெளியேறிய டிஎன்ஏவும் கலந்த இந்தப் பசை, வெண்டைக்காயை நறுக்கும்போது கையில் ஒட்டும் வழுவழுப்பைப் போன்றது. அதற்குள் அடுக்கடுக்காகப் பெருகி வாழும் கூட்டத்தையே உயிர்ப்படலம் அல்லது பயோஃபிலிம் என்கிறோம். பல்லில் படியும் காரையும் அதன் ஒரு வகைதான். நுண்ணோக்கியால் நுண்ணுயிர்களைக் கண்ட நெதர்லாந்து நாட்டவர் லீவன்ஹூக், லண்டன் ராயல் சொசைட்டி என்னும் அறிவியல் கழகத்துக்கு எழுதி 1684-இல் வெளியான கடிதத்தில், தாம் பல்லை வினிகரால் கழுவியபோது காரையின் வெளிப்புறத்தில் இருந்த நுண்ணுயிர்கள் மட்டுமே மடிந்தன என்றும், வினிகர் உள்ளே ஊடுருவவில்லை என்றும் குறிப்பிட்டார். கிருமிகள் நோய் உண்டாக்கும் என்பதே நிறுவப்படாத காலத்தில் எழுதப்பட்ட அந்த வரி, இன்றைய மருத்துவமனைகளின் சிக்கலையும் அப்படியே விவரிக்கிறது.

ஆண்டிபயாடிக் மருந்துக்கு அடங்காத கிருமி கிருமிநாசினிக்கும் அடங்காது என்ற அச்சம் பரவலாக உண்டு. பெரும்பாலும் அது சரியன்று. பெனிசிலின் வகை மருந்துகள், பாக்டீரியாவின் செல்சுவரைக் கட்டும் சில புரதங்களையே குறிவைக்கின்றன. அவற்றுக்கு அடங்காத எம்ஆர்எஸ்ஏ எனப்படும் கிருமியோ அம்மருந்துகள் எளிதில் பற்றாத வேறொரு புரதத்தைக் கொண்டு சுவரைக் கட்டித் தப்பிக்கிறது. குளோரின் அப்படி ஒரே இலக்கைத் தேடுவதில்லை. அது புரதம், செல்சவ்வு, மரபுப்பொருள் என்று எதிர்ப்படும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஆக்சிஜனேற்றம் செய்கிறது. ஆகவே நீரில் மிதக்கும் எம்ஆர்எஸ்ஏவும் அதன் சாதாரண உறவினரும் உரிய செறிவுள்ள குளோரினில் ஏறத்தாழ ஒன்றுபோலவே மடிகின்றன. படலத்துக்குள் இருந்தால் இரண்டுமே தப்புகின்றன. சாதாரணக் கிருமி தப்பி ஒரு நோயாளியின் புண்ணை அடைந்தால் மருந்து கொடுத்துச் சமாளிக்கலாம். எம்ஆர்எஸ்ஏ அடைந்தால் கையிலிருக்கும் மருந்துகள் மிகவும் குறைந்துவிடும். இரண்டு வேறுபட்ட பாதுகாப்புகள் ஒரே கிருமியிடம் சேர்வதே இங்குள்ள ஆபத்து.

படலம் எவ்வாறு காக்கிறது என்பது கிருமிநாசினிக்குக் கிருமிநாசினி மாறுகிறது. குளோரின் மிகவும் வினைத்திறன் உடையது. அந்தத் திறனே அதற்கு இடைஞ்சலாகிறது. பசையில் உள்ள சர்க்கரையோடும் புரதத்தோடும் வழியிலேயே வினைபுரிந்து அது தீர்ந்துவிடுகிறது. 1994-இல் நுண்மின்முனைகளைப் படலத்துக்குள் செலுத்தி அளந்த ஆய்வாளர்கள், உள்ளே இருந்த குளோரின் செறிவு பெரும்பாலும் வெளிநீரில் இருந்ததில் 20 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்று கண்டனர். ஹைட்ரஜன் பெராக்சைடை உள்ளிருக்கும் பாக்டீரியாக்கள் கேட்டலேஸ் என்னும் நொதியால் நீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துவிடுகின்றன. பெர்அசிட்டிக் அமிலம் என்னும் மற்றொரு கிருமிநாசினியை அந்த நொதி உடைப்பதில்லை என்பது அதற்குள்ள ஒரு சாதகம். ஆல்கஹால் விரைவில் ஆவியாகிவிடும். மேலும் அது புரதத்தை இறுக்கிவிடுவதால், அழுக்கு படிந்த பரப்பை அதைக் கொண்டு துடைத்தால் படலம் இன்னும் உறுதியாக ஒட்டிக்கொள்ளவும் கூடும்.

ஊடுருவல் மட்டுமே காரணமன்று. படலத்தின் ஆழத்தில் ஆக்சிஜனும் உணவும் குறைவு என்பதால் அங்குள்ள செல்கள் வளர்ச்சியை நிறுத்தி உறக்கநிலையில் இருக்கின்றன. மேலடுக்கு அழிந்து மருந்தும் போன பிறகு, அவை விழித்துப் படலத்தை மீண்டும் கட்டுகின்றன. மிதக்கும் செல்களைக் கொல்லப் போதுமான அளவைப்போல் 10 முதல் 1,000 மடங்கு வரை மருந்து தேவைப்படலாம் என்று சொல்வது இக்காரணங்களை எல்லாம் சேர்த்துத்தான்.

எதிர்ப்பாற்றல் உள்ள கிருமிகள் கிருமிநாசினிக்கு எப்போதுமே சமமாகப் பணியும் என்று சொல்லவும் முடியாது. தரைத் துடைப்பு நீர்மங்கள் பலவற்றில் உள்ள பென்சால்கோனியம் குளோரைடு போன்ற சேர்மங்களைச் செல்லிலிருந்து வெளியேற்றும் பம்புகள் சில பாக்டீரியாக்களுக்கு உண்டு. அவற்றுக்கான மரபணுக்கள் சில வேளைகளில் ஆண்டிபயாடிக் எதிர்ப்பு மரபணுக்களோடு ஒரே பிளாஸ்மிடில், அதாவது பாக்டீரியாக்கள் தமக்குள் கைமாற்றிக்கொள்ளும் சிறு டிஎன்ஏ வளையத்தில், பயணம் செய்கின்றன. புட்டியில் உள்ள முழுச் செறிவில் இந்தப் பம்புகளால் பெரிய பயனில்லை. நீர்த்துப்போன எச்சமாக மருந்து தங்கும் இடங்களிலும், செறிவு குறைந்துவிடும் படலத்தின் உட்புறத்திலும்தான் அவற்றுக்கு வாய்ப்பு கிடைக்கிறது.

படலத்துக்கு ஈரம் கட்டாயம் என்றும் எண்ணிவிட வேண்டாம். ஆஸ்திரேலியாவில் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவைக் குளோரினால் முழுமையாகச் சுத்தம் செய்த பின்னரும், அங்கிருந்த உலர்ந்த பொருள்களின் மேல் உயிருள்ள எம்ஆர்எஸ்ஏ படலத்தோடு காணப்பட்டதாக 2012-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆனாலும் குழாய்களே கூடுதல் தொல்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 2017-இல் வெளியான ஆய்வில், ஒளிரும்படி மாற்றப்பட்ட ஈகோலை பாக்டீரியாவைத் தொட்டிக்கு அடியிலுள்ள வளைகுழாயில் இட்டு ஊட்டம் அளித்தபோது, அது படலமாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் வேகத்தில் மேலேறி வடிதட்டை அடைந்தது. அதன் பிறகு மேலே தண்ணீர்க் குழாயைத் திறந்தபோதெல்லாம் சுற்றுப்புறத்தில் தெறித்தது. வார்டுகளில் மீந்த மைலோவையும் தேநீரையும் கைகழுவும் தொட்டியில் ஊற்றக்கூடாது என்று தாதியர் கண்டிப்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. மேலிருந்து ஊற்றும் குளோரின் நீர், கழிவுநீர்க் குழாயின் சுவரைத் தொட்டும் தொடாமலும் சில விநாடிகளில் ஓடிவிடுகிறது.

படலத்தைக் கொல்லும் என்று விளம்பரம் செய்ய விரும்பும் நிறுவனங்களுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தனிச் சோதனை ஒன்றை வகுத்துள்ளது. வளர்த்தெடுத்த படலத்தில் உள்ள கிருமிகளைப் பத்து இலட்சத்தில் ஒன்றாகக் குறைத்துக் காட்டவேண்டும் என்பது அதன் விதி. 99.9 விழுக்காடு என்பது ஆயிரத்தில் ஒன்று மட்டுமே. ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு கோடி பாக்டீரியா இருந்தால், அதன் பிறகும் 10,000 எஞ்சியிருக்கும்.

ஆகவே மருந்தை மாற்றுவதைவிட வரிசையை மாற்றுவதே கூடுதல் பலன் தரும் என்பது என் கருத்து. முதலில் சோப்பு நீரும் தூரிகையும் கொண்டு பரப்பைத் தேய்த்துப் படலத்தைப் பெயர்க்கவேண்டும்; நீரால் அலசியபின்தான் கிருமிநாசினியை இட்டு, புட்டியில் குறித்த நேரம் வரை பரப்பு ஈரமாகவே இருக்கும்படி விடவேண்டும். மீன் பலகையில் ஆழமான கீறல்கள் விழுந்திருந்தால் தூரிகை அங்கே எட்டாது. பலகையை மாற்றுவதே சிக்கனம். நம் நாட்டு வெப்பத்திலும் வெயிலிலும் குளோரின் ப்ளீச் விரைவாக வலுவிழப்பதால், அதை நிழலில் மூடி வைத்து, நீர்த்த கரைசலை அன்றன்றைக்குப் புதிதாகக் கலந்துகொள்ளவேண்டும். கழிப்பறை கழுவும் அமிலத்தோடு அதை ஒருபோதும் சேர்க்கக்கூடாது. சேர்த்தால் வெளிவருவது நச்சுக் குளோரின் வாயு.