வாயசைவு வரும் முன்னே, குரல் வரும் பின்னே

‘ஒன் பீஸ்’ என்ற அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) தொடரின் நாயகனான லூஃபி என்ற பையனுக்கு ஜப்பானிய மொழியில் 1999 முதல் குரல் கொடுப்பவர் மயூமி தனகா. ஆங்கில டப்பிங்கில், அமெரிக்காவின் டெக்சாஸைச் சேர்ந்த ஃபனிமேஷன் நிறுவனம் 2007இல் தொடரின் உரிமம் பெற்றபின் அந்தப் பையனாகப் பேசிவருபவர் காலீன் கிளிங்கன்பியர்ட். இருவரும் பெண்கள். ஆனால் இருவரின் வேலையும் ஒன்றல்ல.

ஜப்பானில் பெரும்பாலும் படம் முழுதாக வரைந்து முடியும் முன்பே, நடிகர்கள் ஒரே அறையில் கூடிப் பேசிவிடுகிறார்கள். ஆங்கில நடிகைக்கு வரும்போது எல்லாம் முடிந்துவிட்டது. வேற்றுமொழிக்கு அசைந்த வாய் திரையில் இருக்கிறது. அவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் தனியாக நிற்கிறார்.

ஹெட்போனில் சம இடைவெளியில் மூன்று பீப் ஒலிகள் கேட்கும். நான்காவது ஒலிக்காது, அது விழவேண்டிய கணத்தில் வசனத்தைத் தொடங்க வேண்டும். திரையில் வாய் திறப்பதைப் பார்த்தபின் பேசக்கூடாதா? கண் கண்டது மூளைக்குப் போய், அங்கிருந்து குரல்வளைக்குக் கட்டளை வருவதற்குள் ஏறக்குறைய கால் நொடி ஓடிவிடும். அடுத்த தட்டு எப்போது விழும் என்று முன்கூட்டிக் கணிப்பதில் மூளை கெட்டிக்காரத்தனமானது. தாளத்தில் எடுப்பு தவறாமல் பாடகர் பல்லவியைத் தொடங்குவதும் இந்தத் திறனால்தான்.

கால் நொடி அவ்வளவு பெரிதா? பெரிதுதான். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி, ஒலி படத்தை முந்தினால் சுமார் 45 மில்லி நொடியிலேயே நமக்குத் தெரிந்துவிடும். பிந்தினாலோ சுமார் 125 மில்லி நொடி வரை தெரிவதில்லை. மின்னலுக்குப் பின் இடி வரும் உலகில் வளர்ந்த காது, தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும், முந்துவதைப் பொறுக்காது. நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் ஒரு ஃபிரேம் 42 மில்லி நொடி. ஒரு ஃபிரேம் முந்தினாலே விளிம்புக்கு வந்துவிடுவோம். மூன்று ஃபிரேம் பிந்தினாலும் தப்பிக்கலாம்.

ஒரு சலுகையும் உண்டு. தொலைக்காட்சி அனிமேயில் வாய்க்குப் பெரும்பாலும் மூன்றே ஓவியங்கள்: மூடியது, பாதி திறந்தது, நன்றாகத் திறந்தது. ஆகவே ஒவ்வொரு ‘ப’வுக்கும் ‘ம’வுக்கும் உதடு ஒட்ட வேண்டியதில்லை. தொடக்கம், முடிவு, நடுவில் வரும் நிறுத்தம் ஆகியவை பொருந்தினால் போதும்.

அதுவே எளிதில் அமைவதில்லை. பிரான்சின் லியோன் நகர ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட கணக்கில், ஜப்பானியர் நொடிக்குச் சராசரியாக 7.84 அசைகள் பேசுகிறார்கள்; ஆங்கிலம் பேசுவோர் 6.19 மட்டுமே. ஆங்கிலத்தின் ஓர் அசை கூடுதல் தகவலைச் சுமப்பதால், பொருள் முடிந்த பிறகும் திரையில் வாய் ஆடிக்கொண்டிருக்கக்கூடும். அப்போது வசனத்தை நீட்டியாக வேண்டும். இன்னொரு சிக்கல் தமிழருக்கு உடனே விளங்கும். ஜப்பானியத்திலும் வினை கடைசியில்தான் வரும். “உன் அண்ணனை அன்றிரவு நான்தான்...” என்று இழுத்து, முகம் திரும்பும் நேரத்தில் “கொன்றேன்” என்று முடிக்கலாம். ஆங்கில வாக்கியம் இயல்பாக அமைந்தால் கொலை முன்னதாகவே வெளிப்பட்டுவிடும். அதிர்ச்சி உரிய ஃபிரேமில் விழ, ஆங்கில வசனம் எழுதுபவர் வாக்கியத்தையே புரட்டிப்போடுகிறார்.

டப்பிங்கை இரண்டாந்தர நடிப்பு என்று சொல்வோர் இவற்றை எண்ணிப் பார்ப்பதில்லை என்பது என் ஆதங்கம்.

பெண் எப்படிப் பையனாகிறார்? பேசும்போது பெண்ணின் குரல் நாண்கள் நொடிக்குச் சுமார் 200 முறை அதிரும். ஆணுக்குச் சுமார் 120. பருவம் எய்தும்வரை ஆண், பெண் குழந்தைகளின் குரல்வளையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே பையனின் குரலுக்குப் பெண்ணின் குரலே நெருக்கமானது. நிஜப் பையனை நடிக்கவைத்தால் தொடரின் நடுவில் குரல் உடைந்துவிடும். சுருதி மட்டும் போதாது. குரல்வளையைச் சற்று உயர்த்தினால் தொண்டைக் குழாயின் நீளம் குறைந்து, சின்ன உடம்பிலிருந்து வரும் ஒலி கிடைக்கும். ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ தொடரில் ரைசா ஹாக்ஐ என்ற ராணுவ அதிகாரியாக நிதானமாகப் பேசுபவரும் இதே கிளிங்கன்பியர்ட்தான் என்பதை நம்பவே முடியாது.

சண்டைக் காட்சிகள் உடம்பைப் பதம் பார்க்கும். அடி வாங்கும் முனகல், விழும்போது வரும் மூச்சு எல்லாவற்றையும் பதிவுசெய்ய வேண்டும். அலறும்போது குரல் நாண்கள் நொடிக்குப் பல நூறு முறை பலமாக மோதி வீங்குகின்றன. வீங்கிய நாண் சீராக அதிராது, அடுத்த வசனம் கரகரத்துவிடும். அதனால் அலறல்களை அன்றைய பதிவின் கடைசிக்குத் தள்ளிவைப்பது வழக்கம். அந்த வரிசையை முடிவு செய்யும் இடத்திலும் கிளிங்கன்பியர்ட் இருந்திருக்கிறார். ‘மை ஹீரோ அகாடெமியா’வின் ஆங்கில டப்பிங்கை இயக்கிய அவர், அதே தொடரில் மோமோ என்ற மாணவிக்குக் குரலும் கொடுத்தார்.