கத்தி ஓய்ந்த ரோலர்

நிலக்கரி கன்வேயரில் நைட் ஷிஃப்ட். பெல்ட்டைத் தாங்கிச் சுற்றுகிற ரோலர்களில் ஒன்று. “மூணு நாளா கத்திக்கிட்டிருந்த ரோலர் சத்தம் நின்னுடுச்சு சார், தானாவே சரியாயிடுச்சு” என்றார் ஹெல்பர். லாக்புக்கில் ‘சத்தம் இல்லை’ என்று எழுதி நானும் கையெழுத்துப் போட்டேன். காலையில் டார்ச் அடித்துப் பார்த்தால், ரோலரே நின்று போயிருந்தது. பெல்ட் உரசி உரசி ரோலரின் வெளி உறையில் ஒரு பக்கம் தகடாகத் தேய்ந்து, விளிம்பு கத்தி மாதிரி நின்றது. இன்னொரு ஷிஃப்ட் ஓடியிருந்தால் பெல்ட்டைக் கிழித்திருக்கும்.

கத்துகிற ரோலர் இன்னும் சுற்றுகிறது என்றுதான் அர்த்தம். கத்தல் நின்றால் அன்றைக்கே போய்ப் பாருங்கள்.

காதுக்கு எட்டும்போதே பேரிங் பாதி போயிருக்கும். கிரீஸ் வற்றினால் முதலில் காட்டிக்கொடுப்பது நம் காதுக்கு எட்டாத அல்ட்ராசவுண்ட், 40 கிலோஹெர்ட்ஸ் வாக்கில். அப்புறம் அதிர்வு, அப்புறம் கீச்சுச் சத்தம், கடைசியில் சூடு. பெல்ட்டை ஹோஸ் போட்டுக் கழுவுகிற பழக்கம் இருந்தால் இதெல்லாம் இன்னும் சீக்கிரம் வரும். தூசியும் தண்ணீரும் சீலுக்குள் போய்ச் சேறாகிவிடும்.

மோட்டாருக்கும் கியர்பாக்ஸுக்கும் பார்க்கிற அதிர்வு வேகக் கணக்கு (மி.மீ./நொடி) இங்கே பெரிதாக உதவாது. பெல்ட் நொடிக்கு 3 மீட்டர் ஓடினால் 152 மி.மீ. ரோலர் நொடிக்கு ஆறு சுற்றுதான். ஐட்லரில், அதாவது இந்தத் தாங்கு ரோலரில், ஷாஃப்ட் நிற்கும், உறை சுற்றும். பாரம் எப்போதும் பேரிங் உள்வளையத்தின் மேல்பக்கத்திலேயே விழும். குழி விழுவதும் பெரும்பாலும் அங்கேதான். ஏழு குண்டு பேரிங்கில் அந்தக் குழி நொடிக்கு 27 தட்டு வாக்கில் தட்டும். திரும்பத் திரும்ப வரும் தட்டுகளைப் பிரித்துக் காட்டும் என்வலப் ஸ்பெக்ட்ரத்தில் அதைத் தேடுங்கள். சென்சாரை ஷாஃப்ட் முனை உட்காரும் பிராக்கெட்டில் வையுங்கள். லோடு பெல்ட்டில் எடுத்த அளவைக் காலி பெல்ட்டில் எடுத்ததோடு ஒப்பிடாதீர்கள். ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்கிற பழைய வித்தை எனக்கும் பிடிக்கும், ஆனால் ஓடுகிற பெல்ட்டின் பாதுகாப்புத் தடுப்புக்குள் கை நீட்டி வேண்டாம்.

இப்போது எங்கள் லாக்புக்கில் ‘சத்தம்’ பக்கத்தில் ‘சுற்றுகிறதா?’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. பெல்ட் நின்றதும் டெம்பரேச்சர் கன்னோடு ஒரு நடை போகிறோம். ஓடுகிற பெல்ட் சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடும். நின்ற பெல்ட் சூடான ரோலர்மேல் அப்படியே படுத்திருக்கும், சுற்றிலும் நிலக்கரித் தூசி.